குடும்பப் படங்களை எங்கே வைப்பது?

பிழைப்பின் பொருட்டும் பணியின் பொருட்டும் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்ட நம் முன்னோர், தகரப் பெட்டியின் அடியில் ஓர் உறையை வைத்துக்கொண்டு வந்தனர். பெற்றோரின் நிழற்படம் ஒன்று, பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரத்தின் நகல் ஆகியவை அதனுள் இருக்கும். பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கே அவையும் இருக்கும் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் நம்மிடம் அத்தகைய உறை இல்லை. திருமணப் படமும், குழந்தை தவழ்ந்த காட்சியும், ஊரிலுள்ள தாயாரின் குரலும் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன. அவை உண்மையில் எங்கே இருக்கின்றன என்று எவரேனும் கேட்டால், நம்மில் பலருக்கு விடை சொல்லத் தெரியாது.

எங்களுக்கு அறிமுகமான குடும்பம் ஒன்று தில்லியில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகிறது. குடும்பத் தலைவரின் தாயார் ஊரில் காலமானார். இறுதிச் சடங்குகளை முடித்துக்கொண்டு திரும்புகையில், இரயிலில் அவருடைய கைப்பேசி களவு போயிற்று. தாயாரின் கடைசி ஓராண்டுப் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. “போனால் போகட்டும், படங்கள் இணையத்தில் தாமே சேர்ந்திருக்கும்” என்று எண்ணி, புதிய கைப்பேசியில் கணக்கைத் திறந்து பார்த்தார். எட்டு மாதங்களுக்கு முன்பே கணக்கில் இடம் நிரம்பிவிட்டது. அதன்பின் ஒரு படமேனும் சேரவில்லை. அறிவிப்பு வந்திருந்தது, அதனை ஒருவரும் படிக்கவில்லை.

இக்குடும்பத்திற்கு நேர்ந்தது நமக்கும் நேரக்கூடும். ஆதலின், படங்களையும் ஆவணங்களையும் இணையத்தில் வைப்பதா, வீட்டிலேயே ஒரு வன்தட்டில் வைப்பதா என்ற வினாவை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

முதலில் வன்தட்டைக் காண்போம். இது 1956-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தால் உலகிற்கு வந்தது. அந்த முதற் கருவியில் 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே படம் அவ்வளவு இடத்தையும் அடைத்துவிடும். இப்போதைய வன்தட்டோ உள்ளங்கையில் அடங்குகிறது. லட்சக்கணக்கான படங்களை ஏற்கிறது. விலை ஒருமுறைதான், மாதக் கட்டணம் இல்லை. இணையம் இல்லாத இடத்திலும் திறந்து பார்க்கலாம். வேகமும் மிகுதி. 200 கிகாபைட் அளவுள்ள படங்களை விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வன்தட்டில் ஏற்ற அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். அதே படங்களை விநாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பின் வழியே அனுப்பினால், இடைவிடாது 22 மணி நேரம் வேண்டும்.

ஆயினும் வன்தட்டு ஒரு பொறி. அதன் உள்ளே தட்டுகள் சுழல்கின்றன. அவற்றின்மேல் மிக நுண்ணிய இடைவெளியில் படிக்கும் முனை நகர்கிறது. ஓடிக்கொண்டிருக்கையில் மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் போதும், உள்ளிருப்பன யாவும் அழியக்கூடும். சுழலும் பகுதியற்ற பென் டிரைவ் போன்றவை பாதுகாப்பானவை என்று சிலர் கருதுவர். அவற்றில் செய்தி நுண்ணிய மின்னூட்டமாக நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் மின்சாரமே காணாது அலமாரியில் கிடந்தால் அம்மின்னூட்டம் கசிந்து குறையலாம். ஆதலின் அவை எடுத்துச் செல்வதற்கு ஏற்றவையே அன்றி, நெடுங்காலம் வைத்துப் பேணுவதற்கு ஏற்றவை அல்ல.

இவற்றினும் பெரிய குறை வேறொன்று உண்டு. வீட்டிற்கு நேர்வது வன்தட்டுக்கும் நேரும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மும்பையில் கொட்டத் தொடங்கிய மழையை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய நாளில், தரைத் தளத்து வீட்டில் கணினியும் அதன் அருகிலிருந்த வன்தட்டும் ஒன்றாகவே நீரில் மூழ்கும். தீயும் திருட்டும் அவ்வாறே. இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். கணினியில் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்கள், அவ்வேளை அதனுடன் இணைந்திருக்கும் வன்தட்டையும் விட்டுவைப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்னும் நிரல் பல நாடுகளில் பரவியபோது உலகம் இதனைக் கண்டுகொண்டது.

இனி இணையச் சேமிப்பைக் காண்போம். ‘மேகம்’ என்று இதனைச் சொல்வதால் படங்கள் வானில் எங்கோ மிதப்பதாக எண்ண வேண்டுவதில்லை. அவை தரையில், ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில், வேறொருவருடைய வன்தட்டுகளில் இருக்கின்றன. அங்கே ஒரு தட்டுப் பழுதானால் மற்றொன்று ஈடுசெய்யும்படி அமைத்திருக்கிறார்கள். நம் வீடு நீரில் மூழ்கினும் அவை மூழ்கா. கைப்பேசி தொலைந்த அன்றே புதிய கருவியில் படங்கள் வந்து சேரும். நாம் நினைவில் வைத்துச் செய்ய வேண்டிய வேலையும் குறைவு. இவை பெரிய நன்மைகள், மறுப்பதற்கில்லை.

எனினும், பிறர் வீட்டில் வைத்த பொருளுக்கு அவ்வீட்டாரின் விதிகள் பொருந்தும். கூகுள் நிறுவனம் படங்களை அளவின்றி இலவசமாக ஏற்றுவந்தது. 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளோடு அவ்வழக்கம் நின்றது. இப்போது மின்னஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றிற்கும் சேர்த்து 15 கிகாபைட் இலவசம் என்பது பொது அளவு. படம் ஒன்று 4 மெகாபைட் என்று கொண்டால் ஏறத்தாழ 3,750 படங்களில் அவ்விடம் தீர்ந்துவிடும். ஆப்பிள் நிறுவனம் தருவது 5 கிகாபைட் மட்டுமே. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் காப்புப்படிகளும் கூகுள் கணக்கின் அளவிலேயே சேர்கின்றன. பலருடைய கணக்கு அவர்கள் அறியாமலே நிரம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், ஈராண்டுகள் திறக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பர் முதல் கூகுள் நடைமுறைப்படுத்தியது. ஊரிலுள்ள முதியவரின் பெயரில் தொடங்கி மறந்துபோன கணக்குகளுக்கு இது பொருந்தும்.

நிறுவனத்தின் கட்டடத்திற்கும் தீங்கு நேராது என்பதில்லை. 2021-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் படி வைத்திராத வாடிக்கையாளர் பலர் தம் தரவை இழந்தனர்.

மற்றொரு நுட்பமும் உண்டு. கைப்பேசியையும் இணையத்தையும் ஒரே நிலையில் வைத்திருப்பதற்கு ‘ஒத்திசைவு’ என்று பெயர். அது காப்பு அன்று. ஒத்திசைவில் உள்ள படத்தைக் கைப்பேசியில் அழித்தால் இணையத்திலும் அழியும். குப்பைத் தொட்டியில் சிலநாள் இருக்கும். கூகுளில் 60 நாள், ஆப்பிளில் 30 நாள் என்பது வழக்கம். குழந்தை விளையாட்டாக அழித்ததை மூன்று மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் பயனில்லை.

வெளிமாநிலத்தில் வாழ்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இணையக் கணக்கின் சாவி பெரும்பாலும் நம் கைப்பேசி எண். கடவுச்சொல்லை மறந்தால் அவ்வெண்ணுக்கே குறியீடு வருகிறது. மாநிலம் மாறும்போது எண்ணையும் மாற்றி, பழைய எண்ணைக் கைவிட்டவர்கள் நம்மில் உண்டு. நெடுநாள் பயன்படாத எண் வேறொருவருக்கு வழங்கப்படும். நம் சாவி அவர் கைக்குப் போய்விடும். 2015-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாட்டின் எப்பகுதிக்குச் சென்றாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதனைப் பயன்படுத்திக்கொள்வதே நன்று. எண்ணை மாற்றியே ஆகவேண்டுமெனில், பழையதை விடுமுன் கணக்கில் புதியதைப் பதிந்துவிட வேண்டும்.

அவ்வாறாயின் எதனைத் தேர்ந்தெடுப்பது? இரண்டின் குறைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் விடை தோன்றும். வன்தட்டை அழிப்பவை நீர், தீ, திருட்டு, வீழ்ச்சி ஆகியன. இணையப் படியை இழக்கச் செய்பவை மறந்த கடவுச்சொல், கட்டாத கட்டணம், மாறிய விதி, கவனியாத அறிவிப்பு ஆகியன. ஒன்றைக் கெடுக்கும் காரணம் மற்றொன்றைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஆகவே இதுவா அதுவா என்பதினும், வெவ்வேறு வகையில் கெடக்கூடிய இரண்டையும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதியும் இதுவே: மூன்று படிகள், இரண்டு வகைக் கருவிகள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில்.

தமிழருக்கு இது புதிய பாடமன்று. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, ஒரே நூலின் படிகளைப் பல ஊர்களில் கண்டெடுத்து ஒப்பிட்டார். ஓர் ஊரில் செல்லரித்த பகுதி மற்றோர் ஊர் ஏட்டில் தப்பியிருந்தது. படி எடுத்துப் பல இடங்களில் வைத்தமையாலேயே பழைய நூல்கள் பல நம்மை வந்தடைந்தன.

இனிச் செய்முறைக்கு வருவோம். முதலில் உள்ளவற்றைப் பிரித்தறிய வேண்டும். திரும்பப் பெறக்கூடியவை ஒருவகை. பெற இயலாதவை மற்றொரு வகை. ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை, 2015-இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் உரிய துறையிடமிருந்தே மீண்டும் பெறலாம். ஆனால் பாட்டனார் காலத்து நிலப் பத்திரம், பழைய பள்ளிச் சான்றிதழ், கையால் எழுதிய கடிதம் ஆகியவை அங்கே தாமாக வந்திரா. அவற்றை நாமே ஒளிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். படமும் குரலும் எந்த அலுவலகத்திலும் கிடைப்பன அல்ல. அவற்றிற்கே முதலிடம் தர வேண்டும். நல்வரவு சொல்லும் காலை வாழ்த்துப் படங்களையும், ஒரே காட்சியின் பத்துப் பிரதிகளையும் நீக்கினால் இலவச இடமே பலருக்குச் சில ஆண்டுகள் போதுமாகும்.

அடுத்து, இணையக் கணக்கில் மிச்சம் எவ்வளவு இடம் உள்ளது என்பதை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, அவசரக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைக்க வேண்டும்.

மூன்றாவதாக, ஒரு வன்தட்டு வாங்கி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை படங்களை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் கணினியிலிருந்து பிரித்துவிட வேண்டும். கடலோர நகரங்களில் ஈரம் மிகுதியாதலால், காற்றுப் புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் வைப்பது நன்று. களவு போனாலும் பிறர் திறவாதபடி கடவுச்சொல்லால் பூட்டலாம். அக்கடவுச்சொல்லைக் குடும்பத்தில் இருவராவது அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சில படங்களைத் திறந்து பார்த்துச் சோதிக்க வேண்டும். திறந்து பாராத காப்புப்படியை நம்பி இருத்தல் கூடாது.

நான்காவது, வேற்றிடம். பெரிய நிறுவனங்கள் பொருள் செலவிட்டு அமைத்துக்கொள்ளும் இவ்வசதி, புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. நமக்கு இரண்டு ஊர்கள் உண்டு. கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ஊருக்குச் செல்கையில் இரண்டாவது வன்தட்டு ஒன்றை எடுத்துச் சென்று உடன்பிறந்தார் வீட்டில் வைக்கலாம். அடுத்த ஆண்டு புதிய படங்களை ஏற்றிய ஒன்றைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். பல நூறு மைல் தொலைவிலுள்ள இரண்டு வீடுகளும் ஒரே நாளில் ஒரே வெள்ளத்தில் மூழ்குவது அரிது.

இறுதியாக, நமக்குப் பின் வருவோரையும் எண்ண வேண்டும். தகரப் பெட்டியின் பூட்டை உடைத்தாவது திறக்கலாம். கணக்கின் பூட்டை அவ்வாறு உடைக்க இயலாது. கணக்கு நெடுநாள் செயலற்றுப் போனால் யாருக்கு அறிவிப்பது, யாருக்குப் படங்களைத் தருவது என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏற்பாடு கூகுளில் உண்டு. ஆப்பிளிலும் 2021 டிசம்பர் முதல் இத்தகைய வாரிசு ஏற்பாடு இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் கால்மணி நேரத்தில் முடியும் வேலை இது.

தொடக்கத்தில் கூறிய குடும்பத்திற்கு ஓரளவு ஆறுதல் கிடைத்தது. அவர் தம் தாயாரின் படங்களில் சிலவற்றையும் குரற்பதிவுகளையும் ஊரிலுள்ள தமக்கைக்கு அவ்வப்போது அனுப்பியிருந்தார். தமக்கையார் அவற்றை அழிக்கவில்லை. வாட்ஸ்அப் வழியே சுருங்கிச் சென்றமையால், சுவரில் மாட்டும் அளவிற்குப் பெரிதாக்கியபோது படங்கள் மங்கலாயின. குரல்கள் தெளிவாகவே இருந்தன. “சாப்பிட்டாயா?” என்று கேட்கும் அக்குரலை இப்போது மூன்று இடங்களில் வைத்திருக்கிறார்கள்: இணையத்தில் ஒன்று, தில்லி வீட்டு வன்தட்டில் ஒன்று, ஊரில் தமக்கை வீட்டில் ஒன்று. நாமும் இந்த ஞாயிற்றுக்கிழமையே நம் கணக்கைத் திறந்து, கடைசியாகச் சேர்ந்த படம் எந்த நாளுக்குரியது என்று பார்த்துவிடுவோம்.