பழைய எஞ்சினில் பழுது எங்கே?

பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாசடர் கார் மேடேறத் திணறினால், முழு எஞ்சினையும் பிரிக்கத் துணிவது வீண்விரயமாகலாம். முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கேஜ் கொண்டு அளத்தல் வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் நன்கு உயர்ந்தால் தேய்ந்தவை பிஸ்டன் ரிங்குகள். உயராவிடில் பெரும்பாலும் வால்வே கசிகிறது.

இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. நச்சு நீங்கியது நன்மையே. ஆயினும், பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இருக்கையைத் தேயாமல் காத்ததும் அந்த ஈயமே. இருக்கை தேய்ந்தால் வால்வு உட்புதையும். டேப்பெட் இடைவெளி குறைந்து வால்வு முழுதும் மூடாது.

ஆகவே, முதலில் இடைவெளியைச் சரிசெய்க. பின்னும் கசிந்தால், சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றி, கடினமான உலோக இருக்கைகளைப் பதித்து, வால்வுகளைச் சீராக்கினால் போதுமானது.