களப்பணியும் உடையின் நிறமும்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது எருத்தேன்பதி. தமிழ் பேசும் மக்கள் மிகுந்து வாழும் இவ்வூரைச் சுற்றித் தென்னந்தோப்புகளும் விளைநிலங்களும் பரந்து கிடக்கின்றன. தெற்கே ஆனைமலைத் தொடர் எழுகின்றது. அம்மலைப் பகுதியில் கேரளத்தின் பறம்பிக்குளம் புலிகள் காப்பகமும், தமிழ்நாட்டின் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன.

இத்தகைய வட்டாரத்தில் பணியாற்றுவோர் காலையில் திறந்த வயலிலும், நண்பகலில் தேக்குக் காட்டிலும், அந்தி மங்கிய பின் லாரிகள் விரையும் சாலையோரத்திலும் நடக்க நேரிடுகின்றது. காட்டில் விலங்குகளைக் கணக்கெடுக்கும்போது அவர்கள் கண்ணிற் படாதிருத்தல் நன்று. சாலையில் நடக்கும்போதோ, வழி தவறித் தேடப்படும்போதோ கண்ணிற் படுதலே உயிர்காப்பு. இவ்விரண்டு தேவைகளையும் ஒரே உடையால் நிறைவேற்ற இயலுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இதற்கு விடை காண, முதலில் ஒன்றைத் தெளிதல் வேண்டும். ஒரு துணி எடுப்பாகத் தோன்றுவதும் மறைந்துபோவதும் அத்துணியின் சாயத்தை மட்டும் பொறுத்தவையல்ல. அதன்மேல் விழும் ஒளி, அதன் பின்னணி, அதனைக் காணும் கண் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன.

காக்கி பிறந்த வரலாறு

பின்னணியோடு ஒன்றும் நிறத்திற்குச் சிறந்த எடுத்துக்காட்டு காக்கியே. பாரசீக மொழியில் ‘காக்’ என்பது புழுதியைக் குறிக்கும் சொல். 1846-ஆம் ஆண்டில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்பவர் திரட்டிய ‘கைட்ஸ்’ என்னும் படைப்பிரிவு, அக்காலத்துப் பட்டாளங்களின் செந்நிறச் சட்டையை விடுத்துப் புழுதி நிற உடையை மேற்கொண்டது. 1850-களின் தொடக்கத்தில் மங்களூரில் பாசல் மிஷனின் நெசவுத் தொழிலை நடத்திய ஜான் ஹாலர் என்பவர் காக்கிச் சாயம் ஒன்றை உருவாக்கினார் என்ற செய்தியும் மேற்குக் கரையில் வழங்குகின்றது. தொலைவிலிருந்து குறி தவறாது சுடும் துப்பாக்கிகள் பெருகப் பெருக, செந்நிற உடை போர்க்களத்திலிருந்து மறைந்தது. புழுதி நிறம் நிலைபெற்றது.

ஆனால் காக்கி எல்லாக் காலத்திலும் மறைக்கும் என்று கருதுதல் பிழையாகும். கோடையில் தேக்கு மரங்கள் இலையுதிர்க்கும்போது காட்டின் தரை முழுவதும் பழுப்பு நிறம் கொள்கின்றது. அப்பொழுது காக்கி உடுத்தவர் சில அடிகள் நகர்ந்தாலே சருகுகளிடையே கலந்துவிடுகின்றார். தென்மேற்குப் பருவமழைக்குப் பின் அதே காடு பசுமை கொள்ளும்போது காக்கி தனித்துத் தெரிகின்றது. அப்பருவத்தில் மங்கிய பச்சையே பொருந்துவதாகும்.

விலங்குகளின் கண்

மனிதனின் விழித்திரையில் நிறங்களைப் பகுத்தறியும் கூம்பு அணுக்கள் மூவகைப்படும். அவை முறையே நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிப்பகுதிகளைச் சார்ந்து தூண்டப்படுகின்றன. மான், காட்டெருது, யானை, புலி போன்ற பாலூட்டிகளுக்கோ இருவகைக் கூம்பு அணுக்களே உள்ளன. ஆகவே செம்மஞ்சளையும் பச்சையையும் அவற்றின் கண்கள் நம்மைப்போல் வேறுபடுத்திக் காண்பதில்லை.

புலியின் நிறமே இதற்குச் சான்று. நம் கண்ணுக்குத் தீச்சுடர்போல் தோன்றும் அதன் உடல், மானின் கண்ணுக்குப் பச்சைப் புதரோடு ஒத்துப்போகின்றது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதனைக் கணிப்பொறியின் உதவியால் விளக்கியுள்ளனர்.

இதிலிருந்து களப்பணியாளருக்குப் பெரும்பயனுள்ள முடிவு ஒன்று கிடைக்கின்றது. மனிதர் கண்ணுக்கு நெடுந்தொலைவிலிருந்து தெரியும் செம்மஞ்சள் மேலாடை, மானை அந்த அளவுக்கு எச்சரிப்பதில்லை. மனிதருக்குத் தெரிவதும் விலங்குக்கு மறைவதும் ஒரே துணியில் ஓரளவு கைகூடும். எனவேதான் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குச் செல்வோர் செம்மஞ்சள் அணிதல் வேண்டுமெனச் சட்டம் வகுத்துள்ளனர். ஒருவர் சுட்ட குண்டு மற்றொருவர் மேல் பாயாமற் காப்பதே அதன் நோக்கம்.

எனினும் நீல நிறம் விலங்குகளின் கண்ணுக்கு நன்கு புலப்படுவதாகும். வெண்துணியை மேலும் வெண்மையாக்கச் சலவைத்தூள்களிற் சேர்க்கப்படும் சில பொருள்கள், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்களை ஏற்று அவற்றை நீல ஒளியாக வெளியிடுகின்றன. அத்தகைய தூளில் பன்முறை துவைத்த காக்கிச் சட்டை, நமக்கு மங்கலாகவும் மானுக்குப் பளிச்சென்றும் தோன்றக்கூடும். காட்டுப் பணிக்குரிய உடையைச் சாதாரணச் சோப்பினால் துவைத்தலே ஏற்றது.

யானையைப் பொறுத்தவரை உடையின் நிறத்தை நம்புதல் கூடாது. யானை கண்ணைக் காட்டிலும் மோப்பத்தையும் செவியையும் கொண்டே மனிதரை அறிகின்றது. பாலக்காட்டுக் கணவாயின் வழியே காற்று பலமாக வீசும் நாட்களில், காற்று எத்திசையிலிருந்து எத்திசைக்குச் செல்கின்றது என்பதைக் கவனிப்பது சட்டையின் நிறத்தைக் கவனிப்பதிலும் முதன்மையானது. அசைவும் அவ்வாறே. எந்நிறம் அணிந்தாலும் கையை வீசி நடப்பவர் மறைவதில்லை.

தேனீக்கள் பற்றியும் ஒரு சொல். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் இருளாகவே தோன்றும். தம் கூட்டைக் காக்க முனையும் தேனீக்கள் கருநிறப் பொருள்களையே மிகுதியாகத் தாக்குகின்றன. மலைத்தேனீயின் அடைகள் உள்ள பாறைகளின் அருகே செல்வோர் கறுப்பும் கருநீலமும் தவிர்த்து வெளிர் நிறம் அணிதல் நலம்.

அந்தியும் இரவும்

பகலொளியில் மனிதக் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சட்பச்சை ஒளியை மிக எளிதில் உணர்கின்றது. ஒளி மங்கியவுடன் கூம்பு அணுக்கள் ஓய்ந்து, கோல் அணுக்கள் பணியை ஏற்கின்றன. அப்பொழுது கண்ணின் கூர்மை 507 நானோமீட்டர் அளவிற்கு, அதாவது நீலப்பச்சையின் பக்கம், நகர்கின்றது. செக் அறிஞர் பூர்க்கின்யே 1819-ஆம் ஆண்டில் கவனித்த இவ்வுண்மையை எவரும் வீட்டுத் தோட்டத்திலேயே காணலாம். நண்பகலில் இலைகளிடையே சுடர்விடும் செம்பருத்திப் பூ, அந்தியில் கருத்துவிடும். இலைகளோ அதனினும் வெளிறித் தோன்றும்.

ஆகவே ‘சிவப்பு எங்கும் தெரியும்’ என்னும் பொதுநம்பிக்கை, விபத்துகள் நேரும் அந்திப் பொழுதில் பொய்த்துவிடுகின்றது. ஒளிரும் சாயமிட்ட துணிகள் இக்குறையைப் பெரிதும் நீக்குகின்றன. இவை புற ஊதாக் கதிர்களையும் நீல ஒளியையும் ஏற்று, மஞ்சட்பச்சையாகவோ செம்மஞ்சளாகவோ திருப்பி வெளியிடுகின்றன. கதிரவன் மறைந்த பின்னும் வானொளியில் நீலம் மிகுந்திருப்பதால், சாதாரணத் துணி மங்கும் வேளையிலும் இவை பளிச்சிடுகின்றன.

முற்றிலும் இருண்டபின் இச்சாயமும் பயன்படாது. அதனை ஒளிரச் செய்யும் வானொளி அப்பொழுது இல்லை. இரவில் உதவுவது, கார் விளக்கின் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் ரிப்ளெக்டர் பட்டையாகும். நுண்ணிய கண்ணாடி மணிகளைப் பதித்துச் செய்யப்படும் இப்பட்டை, ஒளி எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்புவதால் ஓட்டுநரின் கண்ணுக்கு வெள்ளிக்கோடாய்த் தெரிகின்றது. இருப்புப்பாதையிலும் சாலையிலும் பணிபுரிவோரின் மேலாடையில் ஒளிரும் சாயமும் இப்பட்டையும் சேர்ந்து இருப்பதன் காரணம் இதுவே: முன்னது பகலுக்கும் அந்திக்கும், பின்னது இரவுக்கும் உரியது.

பணியாளர் மேற்கொள்ளத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில முடிவுகளைப் பெறலாம்.

காட்டிற் செல்வோர் பருவத்திற்கேற்பக் காக்கியோ மங்கிய பச்சையோ அணிந்து, பையில் ஒளிரும் செம்மஞ்சள் துணி ஒன்றை மடித்து வைத்திருத்தல் வேண்டும். வழி தவறினாலோ காயமுற்றாலோ அதனை வெட்டவெளியில் விரித்துப் போட்டால், தேடுவோர் தொலைவிலிருந்தே காண்பர். துணி அகலமாகவும், வேறு நிறக் கோலங்கள் இன்றி ஒரே பரப்பாகவும் இருத்தல் நன்று. பல நிறத் திட்டுகள் உருவத்தின் விளிம்பைச் சிதைத்து மறைக்கும் இயல்புடையன.

பசுமையான பின்னணியில் செம்மஞ்சளும், காய்ந்த சருகின் பின்னணியில் மஞ்சட்பச்சையும் மிகுதியாக எடுத்துக்காட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிறக்குருடு ஆண்கள் சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. தேடும் குழுவில் அத்தகையவர் இருப்பின், நிறத்தை மட்டும் நம்பாது விசிலும் கைவிளக்கும் வைத்திருத்தல் இன்றியமையாதது.

அரிவாள், அளவுநாடா, திசைகாட்டி முதலிய கருவிகளைப் பச்சை நிறத்தில் வாங்குதல் வீண்செலவுக்கே வழிகோலும். கைதவறிப் புல்லில் விழுந்தால் அவை கிடைப்பதரிது. பிடியில் செம்மஞ்சள் வர்ணம் பூசினால் போதும். இதற்கு மாறாக, விலங்குகளைப் படமெடுக்க மரத்திற் கட்டப்படும் தானியங்கிக் காமிராக்கள் மரப்பட்டையின் நிறத்திலேயே இருத்தல் வேண்டும். அவற்றை மறைக்க வேண்டியது பெரும்பாலும் மனிதரின் கண்ணிலிருந்தே.

பள்ளியிற் செய்யத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை மாணவர்க்குச் செலவின்றி விளக்கலாம். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், வெள்ளை, காக்கி, பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் ஒரு சாண் சதுரத் துணிகளை வேலியில் தொங்கவிடுக. மாணவர்கள் ஒவ்வோர் அடியாகப் பின்னோக்கி நடந்து, எத்துணி எத்தனை அடியில் மறைகின்றது என்பதைக் குறித்துக்கொள்ளட்டும். நண்பகலிலும் கதிரவன் மறைந்த கால் மணி நேரத்திற்குப் பின்னும் இதனைச் செய்து, இரு பட்டியல்களையும் ஒப்பிடுக. வரிசை மாறியிருப்பதை மாணவர்களே கண்டு கூறுவர். பின்னர் இருளில் ரிப்ளெக்டர் பட்டை ஒன்றை, கைவிளக்கைக் கன்னத்தருகே பிடித்து ஒரு முறையும், கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்து மறுமுறையும் நோக்கச் செய்க. ஒளி திரும்பும் திசை அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

பள்ளி விட்டு அந்தியில் சாலையோரமாக வீடு திரும்பும் சிறுவர்க்கு இச்சோதனை பாடமாக மட்டும் நிற்பதன்று. புத்தகப் பையின் பின்புறத்திலும் சைக்கிளின் மட்கார்டிலும் ஒட்டப்படும் ஒரு விரல் அகலப் பட்டை, பின்னால் வரும் ஓட்டுநர் தடையை அழுத்துவதற்கு வேண்டிய சில விநாடிகளை அளிக்கவல்லது. உடை வாங்கும்போது ‘எது அழகிய நிறம்’ என்று கேட்பதோடு, ‘எவருடைய கண்ணுக்கு, எந்த வேளையில், எந்தப் பின்னணியில்’ என்றும் கேட்டறியும் வழக்கம், களப்பணியாளரிடத்தும் மாணவரிடத்தும் பரவுதல் வேண்டும்.