ஒழுகும் குழாயும் எபாக்சிப் பசையும்

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் இணைப்பில் நீர் சொட்டுகிறது. நீங்கள் கடைக்குப் போய் எம்-சீல் போன்ற எபாக்சிப் பசை ஒரு பொட்டலம் வாங்கி வருகிறீர்கள். இரண்டு நிறத் துண்டுகளையும் பிசைந்து அப்பிவிட்டு, வெயிலில் காயட்டும் என்று விட்டுவிடுகிறீர்கள். மறுநாள் பழையபடி சொட்டுகிறது! கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், அந்தத் துண்டுகளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போமா?

இந்தப் பசை காய்வதே இல்லை. மைதாப் பசை, நீர் ஆவியாவதால் காய்கிறது. எபாக்சிப் பசையோ வேதிவினையால் இறுகுகிறது. நீருக்கடியில் இறுகும் வகைகள்கூட இருப்பது இதனால்தான்.

ஒரு துண்டில் இருப்பது எபாக்சிப் பிசின். அதன் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த முக்கோண வளையங்கள் உள்ளன. வளைத்துக் கட்டிய மூங்கில்போல அவை விறைப்பாக நிற்பவை. வாய்ப்புக் கிடைத்தால் திறந்துகொள்ளும். மற்றத் துண்டிலுள்ள கடினமாக்கி பெரும்பாலும் அமீன் வகையைச் சேர்ந்தது. அமீனின் ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு வளையத்தைத் திறந்து பிணைப்பு உண்டாக்குகிறது. இப்படிப் பிணைந்து பிணைந்து, முப்பரிமாண வலை ஒன்று உருவாகிவிடுகிறது. சுவிட்சர்லாந்து வேதியியலார் பியர் காஸ்தான் 1930களில் இத்தகைய பிசினைச் செய்தது பல் மருத்துவத்துக்கு உதவும் பொருளைத் தேடியபோதுதான். இன்று அது நம் குழாய்க்கு வந்திருக்கிறது!

ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு வளையம் என்ற கணக்கைக் கவனித்தீர்களா? "சீக்கிரம் இறுகட்டுமே" என்று ஒருமுறை நான் கடினமாக்கியைக் கூடுதலாகச் சேர்த்தேன். மறுநாளும் பசை மெழுகுபோல நசுங்கியது. மிகுந்துபோன கடினமாக்கிக்கு இணை கிடைக்கவில்லை. வலை அரைகுறையாக நின்றுவிட்டது. பொட்டலத்தில் சொன்ன அளவையே எடுங்கள். நிறக்கோடு சிறிதும் தெரியாமல் ஒரே நிறமாகும் வரை பிசையுங்கள். கோடு தெரியும் இடத்தில் வினை நடக்காது.

அடுத்து, ஒட்டும் பரப்பு. துருவும் பாசியும் எண்ணெயும் இருந்தால் பசை அவற்றைத்தான் பற்றும், குழாயை அல்ல. நீரை நிறுத்தி, துடைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேயுங்கள். விரிசலைத் தாண்டி இருபுறமும் சற்றுத் தூரம் அழுத்திப் பூசுங்கள். இரும்பு, பி.வி.சி., சிமெண்டு ஆகியவற்றில் இது நன்றாகப் பிடிக்கும். பாலித்தீன் குடத்திலும் பாலிபுரோப்பிலீன் வாளியிலும் பிடிக்காது. உரித்தால் தோல்போல வந்துவிடும்.

சமையல் பாத்திரத்தின் ஓட்டையை இதனால் அடைக்காதீர்கள். அடுப்பின் சூட்டில் பசை கெட்டுவிடும், உணவிலும் கலக்கக்கூடும். எரிவாயுக் குழாய் கசிந்தால் அதை மாற்றத்தான் வேண்டும், பசை பூசிச் சமாளிக்கக் கூடாது. பிசையும்போது கையுறை அணியுங்கள். இறுகாத பசை சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

எப்போது நீரைத் திறக்கலாம்? மீந்த பசையைக் குழாயில் பூசிய அதே கனத்துக்குத் தட்டி, குழாயின் அருகிலேயே வையுங்கள். உருண்டையாக வைத்தால் வினையில் பிறக்கும் வெப்பம் உள்ளேயே தங்கி அது முந்திக்கொண்டு இறுகிவிடும், உங்களை ஏமாற்றும். அவ்வப்போது குண்டூசியால் குத்திப் பாருங்கள். ஊசி இறங்காவிட்டாலும் பொட்டலத்தில் குறித்த நேரம் முடியும் வரை பொறுங்கள். பல வகைகளுக்கு அது ஒரு முழு நாள்; மார்கழிக் குளிரில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே ஆகும்.