சொல்லின் செல்வர்

கேட்போர் மனத்தைப் பேச்சால் வயப்படுத்துபவரை "சொல்லின் செல்வர்" என்கிறோம். வாய் ஓயாமல் பேசுபவருக்கு இது பொருந்தாது. இடமறிந்து அளவாகப் பேசும் திறமே இங்குச் செல்வம்.

கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில் அனுமனுக்குக் கிடைத்த பெயர் இது. வருபவர்கள் வாலியின் ஆட்களோ என்று அஞ்சிச் சுக்கிரீவன் ஒளிந்துகொள்கிறான். அனுமன் மாணவ வடிவில் எதிர்சென்று, பணிவாகச் சில சொற்களே பேசுகிறான். யார் இவன் என்று வியந்து, இராமன் தம்பி இலக்குவனிடம் அவனைச் சொல்லின் செல்வன் என்கிறான். கடலைத் தாண்டியதெல்லாம் பிறகுதான்!

இராமேசுவரத்தில் அனுமன் கொணர்ந்த இலிங்கத்துக்கே முதல் பூசை. அதனால் எங்கள் கரைப் பிள்ளைகளுக்கு அவன் பலசாலியாகவே அறிமுகம். இராமனின் நட்பைச் சுக்கிரீவனுக்குத் தேடித்தந்தது அவன் நாவன்மை.

'தமிழின்பம்' நூலுக்காக 1955இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற ரா. பி. சேதுப்பிள்ளைக்குத் தருமபுரம் ஆதீனம் இதையே பட்டமாக வழங்கியது.