ஒரே எரிமலை... ஆளுக்கொரு லாவா! ஹவாய் மக்களை முன்கூட்டியே எச்சரித்த கற்கள்

2018-ம் ஆண்டு மே 3-ம் தேதி. ஹவாயின் பெரிய தீவில் உள்ள லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பில் தெரு இரண்டாகப் பிளந்தது. உள்ளிருந்து புகை, பின்னாலேயே நெருப்புக் குழம்பு. கிலவேயா எரிமலையின் உச்சி அங்கிருந்து பல மைல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் பூமிக்கு அடியிலேயே பயணம் செய்து, மக்களின் வீட்டு வாசலில் வந்து எட்டிப் பார்த்தது மாக்மா. சுமார் 1,700 பேர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

முதல் சில வாரங்கள் வந்த லாவா பெரிதாக ஓடவில்லை. கெட்டியாக, பிசுபிசுவென்று பிளவுகளைச் சுற்றியே தேங்கியது. `இவ்வளவுதானா?' என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஆய்வுக்கூடம் வேறு கதை சொன்னது.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தினரும், ஹிலோ நகரில் இருக்கும் ஹவாய் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து சுடச்சுட லாவாவை எடுத்துக் குளிர வைத்து, எக்ஸ்ரே கருவியில் பரிசோதித்தார்கள். வழக்கமாக இந்த மாதிரி பரிசோதனைக்கு நீண்ட நாள்கள் பிடிக்கும். இங்கே சில மணி நேரத்தில் முடிவு வந்தது. முதலில் வந்தது புதிய மாக்மாவே அல்ல, பழைய ஸ்டாக்! 1955-ல் இதே பகுதியில் வெடித்த லாவாவோடு அதன் வேதியியல் ஒத்துப்போனது. பல ஆண்டுகளாக அடியில் தங்கி, ஆறிக்கொண்டிருந்த மிச்சம் அது.

மிச்சத்துக்கும் புதுசுக்கும் என்ன வித்தியாசம்? ஃப்ரீசரில் வைத்த ரோஸ்மில்க்கைப் பாதி உறைந்த நிலையில் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் முதலில் ஐஸாகிவிடும். உறையாமல் நிற்கும் கொஞ்சம் திரவம் மட்டும் திகட்டத் திகட்ட இனிக்கும். மாக்மாவிலும் இதே கதைதான். ஆறும்போது முதலில் ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் படிகமாகிறது. அது மக்னீசியத்தை அள்ளிக்கொண்டு அடியில் தங்கிவிட, மிஞ்சும் குழம்பில் சிலிக்காவின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. சிலிக்கா ஏற ஏற குழம்பு கெட்டியாகும். கெட்டியான குழம்பிலிருந்து வாயு சுலபமாக வெளியேற முடியாது, அதனால் வெடித்துத் தெறிக்கும். (அந்தப் பச்சை ஆலிவின் மணலாகக் குவிந்த பப்பகோலியா கடற்கரை இதே தீவில்தான் இருக்கிறது. செல்ஃபி பிரியர்களுக்குத் தெரிந்திருக்கும்!)

17-ம் எண் பிளவுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. அங்கிருந்து வந்தது ஆண்டிசைட். ஹவாய் எரிமலைகள் பெரும்பாலும் கக்கும் பசால்ட்டில் சிலிக்கா சுமார் 50 சதவிகிதம். இதிலோ 60-ஐத் தொட்டது. கிலவேயாவில் ஆண்டிசைட் வெடித்ததாகப் பதிவானது அதுதான் முதல் முறை. ஆனால், முன்பே ஒரு துப்பு கிடைத்திருந்தது. 2005-ல் அருகிலுள்ள புவிவெப்ப மின் நிலையத்துக்காகத் துளை போட்டபோது, சுமார் 2.5 கிலோமீட்டர் ஆழத்தில் இயந்திரம் உருகிய மாக்மாவையே முட்டியது. அதில் சிலிக்கா 67 சதவிகிதம்! இப்படிப்பட்ட பழைய மிச்சங்கள் அந்த ஊரின் அடியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேங்கிக் கிடக்கின்றன. 2018-ல் கீழே வந்து சேர்ந்த புதிய சூடான பசால்ட், அவற்றில் சிலவற்றைக் கிளறிவிட்டது.

மே மாதத்தின் பிற்பகுதியில் மாதிரிகளில் மக்னீசியம் ஏறத் தொடங்கியது. அதாவது, பழைய ஸ்டாக் தீர்ந்து, சூடான புதிய குழம்பு வந்துகொண்டிருக்கிறது. சூடான குழம்பு தண்ணியாக இருக்கும், வேகமாக ஓடும். களத்தில் இருந்தவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் இந்தத் தகவல் போனது. சில நாள்களில் அதுவே நடந்தது. மே 27-க்குப் பிறகு 8-ம் எண் பிளவு மீண்டும் விழித்துக்கொண்டு, ஆறாகப் பாய்ந்தது. ஜூன் முதல் வாரத்தில் கபோஹோ விரிகுடா முழுவதுமாக நிரம்பி நிலமாகிவிட்டது. மொத்தம் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. வீடுகளை எந்த ஆய்வுக்கூடமும் காப்பாற்ற முடியாது. ஆனால், அடுத்து வரப்போவது எப்படிப்பட்ட லாவா என்று தெரிந்து தயாராவதற்கு அந்த நாள்கள் உதவின.

ஆறுவது மட்டுமே காரணம் இல்லை. மாக்மா பிறக்கும் இடத்திலேயே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. ஃபில்டரில் இறங்கும் முதல் டிகாஷன் அளவில் குறைவு, ஆனால் சாரம் அதிகம். பூமியின் உள்பாறை கொஞ்சமாக உருகினால் சோடியம், பொட்டாசியம் போன்றவை செறிந்த குழம்பு கிடைக்கும். நிறைய உருகினால் அவை நீர்த்துப்போகும். ஹவாயின் எரிமலைகள் வயதாகி, சூடான மையத்தை விட்டு விலகும்போது இப்படித்தான் அவற்றின் லாவா மாறுகிறது. மௌனா கியா அதற்கு நல்ல உதாரணம்.

மூன்று ஆண்டுகள் கழித்து அட்லான்டிக் கடலில், ஸ்பெயினின் லா பால்மா தீவில் 2021 செப்டம்பர் 19-ல் எரிமலை வெடித்தது. 85 நாள்கள் நீடித்த அந்த வெடிப்பிலும் தொடக்க நாள்களில் வந்த குழம்பு ஒரு ரகம், பிறகு ஆழத்திலிருந்து வந்தது வேறு ரகம். அங்கேயும் விஞ்ஞானிகள் லாவாவின் ஓரமாக நின்று, தொடர்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.