தால் ஏரியில் படகுப் பயணம்

காஷ்மீரில் ஸ்ரீநகர் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அதை ஒட்டி இருப்பது தால் ஏரி. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் உள்ளது. மூன்று பக்கமும் மலைகள். ஏரி பெரியது, ஆனால் ஆழம் குறைவு. பல இடங்களில் ஓர் ஆள் உயரத் தண்ணீர்தான்.

கரையில் நல்ல சாலை உண்டு. பேருந்தில் போகலாம். ஆனாலும் படகில் போனால்தான் இந்த ஏரி புரியும். வாருங்கள், ஏறுவோம். ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள்.

படகின் பெயர் ஷிகாரா. நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். மேலே கூரை போட்டிருக்கும். படகுக்காரர் ஒரு முனையில் உட்கார்ந்து துடுப்புப் போடுவார். துடுப்பின் நுனி அரச இலை போல இருக்கும். சத்தமே கேட்காது.

கிழக்குக் கரையில் இரண்டு பெரிய தோட்டங்கள் உள்ளன. ஷாலிமார் தோட்டத்தை 1619-ல் ஜஹாங்கீர் மன்னர் அமைத்தார். நிஷாத் தோட்டத்தை 1633-ல் ஆசப் கான் அமைத்தார். இவர் அரசி நூர்ஜஹானின் அண்ணன். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டியிருக்கிறார்கள். மலைத் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறது. அந்தக் காலத்தில் படகில் வந்துதான் இங்கே இறங்குவார்கள். ஏரியில் இருந்து பார்த்தால் நிஷாத் தோட்டத்தின் படிகள் வரிசையாகத் தெரியும். சாலையில் இருந்து அந்த அழகு தெரியாது.

ஏரி நடுவே சார் சினார் என்ற சிறு தீவு. 'சார்' என்றால் நான்கு. சினார் ஒரு பெரிய மரம். குளிர்காலத்துக்கு முன் அதன் இலைகள் சிவந்துவிடும். மேற்குக் கரையில் ஹஸ்ரத்பால் பள்ளிவாசல் வெள்ளையாகத் தெரிகிறது. நபிகள் நாயகத்தின் திருமுடி அங்கே பாதுகாக்கப்படுகிறது.

இனி ஏரியின் உட்பகுதிக்குப் போவோம். இங்கே ஓர் அதிசயம்: மிதக்கும் தோட்டம்! நாணலையும் நீர்ப்பாசியையும் பாய் போலச் சேர்க்கிறார்கள். அதன் மேல் சேற்றை அள்ளிப் போடுகிறார்கள். அதில் தக்காளி, வெள்ளரி, பூசணி காய்க்கின்றன. தோட்டம் நகராமல் இருக்கக் கழி ஊன்றுவார்கள். கழியைப் பிடுங்கி, தோட்டத்தையே இழுத்துக்கொண்டு போன திருடர்களும் உண்டாம்! நம் ஊரில் மாட்டைத் திருடுவார்கள். இங்கே வயலையே திருடியிருக்கிறார்கள்.

விளைந்ததை விற்கச் சந்தையும் தண்ணீரிலேதான். பொழுது விடியும் முன்பே படகுகள் கூடும். படகோடு படகு உரசி நிற்கும். உட்கார்ந்த இடத்திலேயே பேரம் நடக்கும். தாமரைத் தண்டும் விற்பார்கள். காஷ்மீரில் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்துவிடும். இதைப் பார்க்க இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கலாம், தவறில்லை.

ஆனால் துடுப்பில் சிக்குவதைக் கவனியுங்கள். கொத்துக் கொத்தாகப் பாசி! நகரத்துச் சாக்கடை ஏரியில் கலக்கிறது. வீடுகளின் கழிவும், படகு வீடுகளின் கழிவும் சேர்கின்றன. கழிவு சேரச் சேரப் பாசி வளர்கிறது. மழை வந்தால் மலை மண்ணும் வந்து விழுகிறது. மிதக்கும் தோட்டத்தின் மேல் மேலும் மேலும் சேறு போட்டால், அதுவும் தரை தட்டி நிலமாகிவிடும். இப்படித்தான் ஏரி சுருங்கியது.

ஏரிக்குள் வாழும் குடும்பங்களை வெளியே குடியமர்த்த அரசு திட்டம் போட்டது. பல குடும்பங்கள் போய்விட்டன. போன இடத்தில் மனை உண்டு. ஆனால் துடுப்புப் போடவும், தாமரைத் தண்டு பறிக்கவும் அங்கே தண்ணீர் இல்லை. ஏரியும் வேண்டும், பிழைப்பும் வேண்டும் என்கிறார்கள் ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.