காடாம்புலியூருக்கு ஒரு சுவைக்கூடம்

மகாராஷ்டிரத்தின் நாசிக் நகரை ஒட்டி, கங்காபூர் அணைப் பக்கம் போகிறவர்கள் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சில ஒயின் ஆலைகளைப் பார்க்கலாம். வருகிறவர்களை முதலில் தோட்டத்துக்கும், பிறகு சாறு புளிக்கும் எஃகுத் தொட்டிகளுக்கும், மரப்பீப்பாய் அறைக்கும் அழைத்துப் போகிறார்கள். கடைசியில் ஒரு நீண்ட மேசை. அங்கே நாலைந்து வகை ஒயினை ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு அளவுக்கு ஊற்றித் தருகிறார்கள். வெளிறிய, லேசான வகை முதலில் வரும். கறுத்த, துவர்ப்பு மிகுந்த வகை கடைசியில் வரும். எந்தத் திராட்சை, எந்த மண், எந்தப் பருவத்தில் பறித்தது என்று ஊற்றுகிறவர் சொல்லிக்கொண்டே போவார். குடித்தாக வேண்டிய கட்டாயமில்லை. வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்புவதற்கும் பாத்திரம் உண்டு. பக்கத்திலேயே சிறிய உணவகம். சுலா நிறுவனம் இப்படியொரு சுவைக்கூடத்தை 2005-ல் திறந்தது. அதற்கு முன்பே, 2001-ல், மாநில அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்திருந்தது. இன்று நாசிக்குக்குப் போகிறவர்களின் பட்டியலில் கோயில்களோடு திராட்சைத் தோட்டங்களும் இடம்பிடித்துவிட்டன.

இதில் மதுவை மட்டும் பார்க்கிறவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். அந்த மேசை செய்யும் வேலை, சுவைக்கு விலை வைப்பது. சந்தைக்குப் போகும் திராட்சைக்குக் கிலோ கணக்கில்தான் விலை. இந்தத் தோட்டத்துப் பழமும் அடுத்த தோட்டத்துப் பழமும் ஒரே தராசில் ஏறும். சுவைத்துப் பார்க்க இடமும், வேறுபாட்டை எடுத்துச் சொல்ல ஆளும் இருந்தால்தான் வாங்குகிறவர் அந்த வேறுபாட்டுக்குக் காசு கொடுப்பார். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையில், பலாவும் முந்திரியும் விளையும் செம்மண் பூமியில் இருக்கும் காடாம்புலியூருக்கு இப்படியொரு கூடம் வேண்டும். அது மதுவில்லாத கூடமாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சுவை வேறுபாட்டில் பலா எந்தத் திராட்சைக்கும் சளைத்ததல்ல. கொட்டை போட்டு முளைத்த பலாமரம் தாய்மரத்தை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்காது. மரத்துக்கு மரம் சுளையின் நிறமும் தித்திப்பும் மணமும் மாறும். வருக்கைச் சுளை கடித்தால் நறுக்கென்று இருக்கும். கூழன் வாயில் வைத்ததும் குழைந்து இழுபடும். வெளிர் மஞ்சள் சுளையும் உண்டு, செம்மஞ்சள் சுளையும் உண்டு. பக்கத்துப் பாலூர் ஆராய்ச்சி நிலையம் ஒரு நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்து பி.எல்.ஆர்.1 என்ற ரகமாகவே வெளியிட்டிருக்கிறது. ஆனால் மண்டியில் இந்த அருமை எதற்கும் மதிப்பில்லை. எடை என்ன, காயம் பட்டிருக்கிறதா, தட்டினால் என்ன சத்தம் என்பதோடு பேரம் முடிந்துவிடுகிறது. தேன் போன்ற சுளை தரும் மரத்துக்காரருக்கும் சப்பென்ற சுளை தருகிறவருக்கும் ஒரே விலைதான். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தபோது இப்பகுதியின் பலாவும் முந்திரியும் ஏராளமாகச் சாய்ந்தன. எந்த மரத்தின் சுவை எப்படி என்ற கணக்கு எங்கும் இல்லாவிட்டால், விழுந்த மரத்தோடு அதன் சுவையும் போய்விடும்.

முந்திரியின் கதை இன்னும் வருத்தமானது. கொட்டையைத் திருகி எடுத்த பிறகு, அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் எடையுள்ள பழம் பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகுகிறது. ஒரு நாள் தாண்டினால் தாங்காது. தொண்டையைக் கரகரக்க வைக்கும் துவர்ப்பும் உண்டு. அந்தத் துவர்ப்பை நீக்குவது பெரிய வித்தையல்ல. சாற்றில் ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்து வைத்தால் துவர்ப்புப் பொருள் அடியில் படிந்துவிடும். தெளிந்த சாறு மேலே நிற்கும். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள சாறு அது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்தப் பழத்தில் சர்பத், ஜாம், ஊறுகாய் என்று பலவற்றைச் செய்து காட்டியிருக்கிறது. பருப்பிலும் சொல்ல விஷயம் இருக்கிறது. 320 என்ற தரத்தில் ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு நிற்கும்; 180 என்றால் அதைவிடப் பெரிய பருப்பு. இந்த எண்கள் அளவைச் சொல்கின்றன, சுவையைச் சொல்வதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டையும் இப்பகுதியில் உடைபடுகிறது. டின்னில் அடைத்த பிறகு உள்ளூர்ப் பருப்பு எது என்று யாருக்குத் தெரியும்? இரண்டையும் வறுத்துத் தனித்தனித் தட்டில் வைத்தால் நாக்கு சொல்லிவிடும்.

அப்படியானால் கோவாவைப்போல் மதுவே செய்யலாமே என்று கேட்பார்கள். அங்கே முந்திரிப் பழச்சாற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சும் ஃபெனி 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. உழவர்களுக்கு வருமானமும் தருகிறது. உரிமம் பெற்றுத் தயாரிக்கும் பழ ஒயினும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த மெத்தனால் கலந்த சாராயமும் ஒன்றல்ல என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் குடியால் குடும்பங்கள் நொடிந்துபோன மாவட்டங்களில், கிராமத்து வாசலில் இன்னொரு மதுவை வைத்துத்தான் உழவரை வாழவைக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் வசம். தோட்டக்காரர் தன் வாசலில் புட்டி விற்க வழியில்லை. சட்டம் மாறட்டும் என்று காத்திருந்தால் ஒவ்வொரு கோடையிலும் பழம் அழுகிக்கொண்டேதான் இருக்கும். சாற்றுக்கும் சுளைக்கும் அந்தத் தடை இல்லை.

போதையில்லாத கூடத்துக்கு யார் வருவார்கள் என்பது அடுத்த கேள்வி. ஊட்டி தொட்டபெட்டா தேயிலைத் தொழிற்சாலையே இதற்குப் பதில். இலை வாடுவதையும் நசுங்குவதையும் உலர்வதையும் பார்த்து, ஒரு கோப்பை தேநீர் குடித்து, பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறது கூட்டம். சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகிறவர்களில் பலர் காடாம்புலியூர் வழியாகப் போகிறார்கள்; பலாப் பருவத்தில் சாலையோரக் கடைகளில் வண்டியை நிறுத்தவும் செய்கிறார்கள். 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த நெய்வேலி நகரியம் கூப்பிடு தூரத்தில். அதைத் தாண்டினால் வள்ளலாரின் வடலூர். தைப்பூசத்துக்கு அங்கே திரளும் அன்பர்கள் மதுக்கூடத்தில் கால் வைக்க மாட்டார்கள், குடும்பத்தோடு பலா வறுவல் சாப்பிடுவார்கள்.

பருவம் முடிந்தால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதானே என்பதிலும் நியாயம் இருக்கிறது. முந்திரிப் பழம் கோடை தொடங்கும்போது வரும். பலா ஆடி வரை நீளும். மற்ற மாதங்களில் வறுவலும், பலாக்கொட்டைக் குழம்பும், சர்பத்தும், முந்திரி உடைப்பதைப் பார்க்கும் வாய்ப்பும் கூடத்தைத் தாங்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் கைக்காசு போகலாம். அதனால் இதைத் தனி உழவர் தலையில் கட்டாமல், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று எடுத்து நடத்துவதே சரி. பாலூர், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்கள் ரகங்களை அடையாளம் காட்ட உதவலாம். தொடங்குவதற்குப் பெரிய கட்டடமும் வேண்டாம். ஒரு கொட்டகை, நீண்ட மேசை, ஐந்து மரத்துச் சுளைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தோட்டத்தின் பெயரும் விலையும் எழுதிய அட்டை இருந்தால் போதும். வருகிற கோடையிலேயே தொடங்கிவிடலாம்.